முகம் மாறும் கடிகாரங்கள்

செம்பூரில் ஏறினால் ஹார்பர் லைன். மாட்டுங்காவிலோ தாராவியை ஒட்டிய சயானிலோ ஏறினால் சென்ட்ரல் லைன். மும்பைத் தமிழர்களின் இந்த இரு ரயில் பாதைகளும் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு நிலையத்தில் மேலும் கீழுமாகக் குறுக்கிடுகின்றன. இறங்கி நடந்தால் சோர் பஜார். அங்கே மட்டன் தெருவில் பழைய கேமராக்களுக்கும் ஓடாத கைக்கடிகாரங்களுக்கும் பஞ்சமில்லை.

இரண்டும் உறவுக்காரர்கள்தான். மெக்கானிக்கல் கேமராவின் ஷட்டரை நிதானமாக மூட வைப்பது கடிகாரத்தில் இருப்பது போன்ற பல்சக்கரங்கள். 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை அமையக் கைகொடுத்த ஜப்பானின் சிட்டிசன், கேமரா ஷட்டர்களும் தயாரித்தது. கேமராவுக்குப் பெயர்போன ரிக்கோவின் ஆட்டோமேட்டிக் வாட்சுகளும் இந்தியக் கைகளில் ஏராளமாகச் சுற்றின.

அந்தப் பழைய வாட்சுகள்தான் மும்பையில் புது டயலோடு மறுபிறவி எடுக்கின்றன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்கிறார்கள். அதில் பாதி கேலி.

டயல் பிறப்பதே போட்டோ முறையில்தான். பெரிதாக வரைந்த டிசைனைப் படச்சுருள் அளவுக்குச் சுருக்குகிறார்கள். ஒளி பட்டால் மாறும் பூச்சுள்ள தகட்டில் அதைப் பதித்து அரித்தால் எழுத்துகள் பள்ளமாகும். பள்ளத்தில் மை நிரப்பி, சிலிகான் பஞ்சுபோன்ற அச்சால் ஒற்றி எடுத்து டயலில் பதிக்கிறார்கள். வரையும் வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது; ஒளியின் வேலை போகவில்லை.

டயலிலேயே கேமராவைக் கொண்டுவர நினைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. லென்ஸ் துவாரத்தின் அளவுகள் 1, 1.4, 2 என்று தொடங்கி 45 வரை சரியாகப் பன்னிரண்டு. மணிகளும் பன்னிரண்டு. ஆனால் ஏழு மணி இருக்க வேண்டிய இடத்தில் 8 வந்து நிற்கும். அதை நம்பினால் ஏழு மணி லோக்கல் போயே போய்விட்டதென்று வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே அழகு எண்களை ஓரத்தில் வைத்து, மணிக்கோடுகளைத் தெளிவாகப் போடுவதே நல்ல டிசைன்.

சிக்கல் வேறிடத்தில். எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. அப்பாவின் பழைய வாட்சுக்கு ஈடு இல்லை. பீரோவிலிருந்து எடுத்துப் புது டயலுக்குக் கொடுத்தால், பெரும்பாலும் பழைய தகட்டைச் சுரண்டித்தான் புதுப் படம் போடுகிறார்கள். அப்பா பார்த்த முகம் திரும்பி வராது. வேறு தகட்டில் அச்சிடச் சொல்லி, பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

வாங்குகிறவருக்கும் எச்சரிக்கை தேவை. எழுத்து மங்கலாக இருக்கிறதா, டயலில் உள்ள பெயரும் உள்ளே இயந்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பின்மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். புது டயல் என்று சொல்லி விற்றால் அது கைவேலை. ஒரிஜினல் என்று விற்றால் மோசடி.

கல்யாண ஆல்பத்தில் டச்சப் செய்வது தப்பில்லை. பாஸ்போர்ட்டில் செய்தால்தான் வம்பு.