இடிமேல் போட்ட பழி

அக்கா மகனுக்குக் கணினி பொருத்திக் கொடுத்தது நான். அது ஆட்டத்தின் நடுவே அணைந்து அணைந்து போனதற்குக் காரணமும் நான்தான். பழியைப் பையன் தலையில் போட்டுவிட்டு, காரணம் தெரிந்த பிறகும் ஐந்து வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். வீட்டில் இப்போது சொல்லிவிட்டேன். ஆனால் லாபு, தீரோய் பக்கத்துத் தோட்டங்களில், பிள்ளைக்குக் கணினி வாங்கவேண்டும் என்றால் என்னைத்தான் தேடி வருகிறார்கள். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

2024 மே மாதம் ஊழியர் சேமநிதி வாரியம் மூன்றாவது கணக்கைத் திறந்துவிட்டது. வயது வரும்வரை காத்திருக்காமல், தேவைப்பட்டபோது எடுத்துக்கொள்ளலாம். செனவாங் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்கிற என் அக்கா அதிலிருந்து 2,000 வெள்ளி எடுத்தார். மிகைநேரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த 1,500 வெள்ளியையும் சேர்த்து என் கையில் கொடுத்தார். அன்றைக்குக் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,500 வெள்ளிதான். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியும் தம்பி, நீயே பாத்து வாங்கிக் குடு" என்றார். எண்ணிக்கூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டேன்.

பையன் நான்காம் படிவம். பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளோடு வெலோரண்ட் விளையாட வேண்டும், கொஞ்சம் வீடியோ வெட்டி ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. வெலோரண்ட் பழைய கணினியிலும் ஓடவேண்டும் என்றே செய்யப்பட்ட விளையாட்டு. கிராபிக்ஸ் கார்டே இல்லாமல், ரைசன் 5 5600ஜி என்ற ஒரே சில்லில் அது தாராளமாக ஓடும். கார்டு வேண்டும் என்றாலும் ரேடியான் ஆர்எக்ஸ் 6600 போதும். பல நூறு வெள்ளி மிஞ்சியிருக்கும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். அவனிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "கேசிங் கறுப்பா, வெள்ளையா?"

லாபுவில் கொம்யூட்டர் ரயில் ஏறி, கோலாலம்பூர் போய், லோயாட் பிளாசாவில் நாள் முழுக்கச் சுற்றினேன். என் மனத்தில் ஏற்கெனவே ஒரு கணினி கட்டி முடிந்திருந்தது, அது பையனுக்கான கணினி அல்ல. இருபது வயதில் நான் ஆசைப்பட்டு வாங்க வழியில்லாமல் போனது. ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, எட்டு எட்டாக இரண்டு ரேம், ஒரு டெராபைட் எஸ்எஸ்டி. இதுவரை பழுது சொல்ல முடியாது. ரேமை ஒரே பதினாறாக வாங்காமல் இரண்டாகப் பிரித்து வாங்கியதில்கூட நியாயம் இருந்தது. ஜோடியாகப் போட்டால்தான் நினைவகம் முழு வேகத்தில் பேசும். அதற்குப் பிறகுதான் புத்தி தடுமாறியது.

ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு இரண்டு விசிறியோடு 1,380 வெள்ளி. மூன்று விசிறியும் ஓரத்தில் விளக்கும் வைத்தது 1,560. உள்ளே இருப்பது ஒரே சில்லு. அதுவும் 115 வாட்டுக்கு மேல் இழுக்காத சில்லு, மூன்றாவது விசிறிக்கு அங்கே வேலையே இல்லை. நான் 1,560-ஐ எடுத்தேன். கண்ணாடிக் கதவு வைத்த கேசிங் 250. 5600 சில்லின் பெட்டிக்குள்ளேயே குளிர்விக்கும் விசிறி வருகிறது. அதை ஒதுக்கிவிட்டு, விளக்கு எரிகிற இன்னொன்றை 140 வெள்ளிக்கு வாங்கினேன். விசைப்பலகை, மவுஸ் எல்லாம் முடிந்து பார்த்தால் கையில் 90 வெள்ளி. எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை இன்னும் வாங்கவில்லை.

கடைக்காரர் 230 வெள்ளிக்கு நல்லதாக ஒன்றை எடுத்து வைத்தார். நான் கீழ்த்தட்டில் கிடந்த 85 வெள்ளிப் பெட்டியைக் காட்டினேன். "இந்தக் கார்டுக்கு அதைப் போடாதே" என்று மலாயில் சொன்னார். இரண்டு விசிறிக் கார்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லியும் பார்த்தார். பெட்டியில் 500 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "போதும் பாஸ்" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. நான் பிறந்த தோட்டத்தில் எங்கள் சின்ன வயதில் மின்வாரியக் கம்பி வரவில்லை. லயத்துக்குப் பின்னால் மின்சாரத்துக்கு ஒரு மோட்டார் வீடு இருந்தது. மாலையில் ஓட்டுவார்கள், பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். தீபாவளி இரவில் எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி ஓடும், இஸ்திரிப்பெட்டி சுடும். மோட்டார் முக்கும், குண்டு பல்பு சிவந்து பழுத்துவிடும். அப்பா உடனே எழுந்து இஸ்திரிப்பெட்டியைப் பிடுங்குவார். ஒரு மோட்டார் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை ஏழு வயதில் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான்.

முதல் மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. வெலோரண்ட் அந்தக் கார்டைத் தட்டி எழுப்பவே இல்லை. சுற்றியிருந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து கண்ணாடி வழியே விளக்கைப் பார்த்தார்கள், நான் அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். பிறகு யாரோ சொல்லி அவன் ஃபோர்ஸா ஹொரைசன் 5 போட்டான். பெரிய கார்ப் பந்தய விளையாட்டு, கார்டின் முழு உழைப்பையும் கேட்பது. பத்து நிமிடத்தில் சட்டென்று இருட்டு. மீண்டும் போட்டால் மீண்டும் இருட்டு.

அது அக்டோபர் மாதம், பருவக்காற்று மாறுகிற நேரம். நெகிரி செம்பிலானில் மதியம் தாண்டினால் மேகம் கறுத்து, செம்பனைக்கு மேல் இடி உருளும். பையன் அழைத்து நான் வீட்டுக்குப் போனபோது எனக்கு அந்த இடிதான் வசதியாகக் கிடைத்தது. "மழை வர்றப்ப பிளக்கைப் பிடுங்கினியா?" என்று கேட்டேன். "ஒரு நாள் மறந்துட்டேன் மாமா" என்றான். "அதான்" என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அக்கா அவனைப் பிடித்துக்கொண்டார். ஓய்வுக்காலத்துக்கு வைத்திருந்த காசு, கால் கடுக்க நின்று சேர்த்த காசு, ஒரு பிளக்கைப் பிடுங்க உன்னால் முடியவில்லையா என்று கேட்டார். விசைப்பலகையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் அப்போது அந்த வீட்டு வரவேற்பறையில்தான் உட்கார்ந்திருந்தேன். அக்கா போட்டுக் கொடுத்த தேநீர் என் கையில் இருந்தது. பையன் என்னைப் பார்த்தான். மாமா ஏதாவது சொல்வார் என்று பார்த்திருப்பான். நான் தேநீரைக் குடித்தேன்.

மறுநாள், அவன் பள்ளிக்கூடம் போன பிறகு, கேசிங்கைத் திறந்து பவர் சப்ளையைக் கழற்றி, பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். வாங்குகிற அன்றைக்கே படித்திருக்க வேண்டிய தாள். பிராசஸரும் கார்டும் உயிர் வாழ்வது 12 வோல்ட் கம்பியில். அந்த வரிசைக்கு நேரே 18 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் இருந்தது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். முகப்பில் போட்ட 500 எங்கே, இது எங்கே! கார்டு 115, பிராசஸர் முழு மூச்சில் 76, அதற்கு மேல் விசிறிகள், எஸ்எஸ்டி, மதர்போர்டு, நான் ஆசைப்பட்டு வாங்கிய விளக்குகள். கார்டு ஒரு கணம் துள்ளி இழுக்கும்போது 216 எந்த மூலைக்கு? மூடியில் மூக்கை வைத்தால் லேசாகத் தீய்ந்த வாடை. இடி விழுந்த அடையாளம் எதுவும் அதில் இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். திருகாணியை முடுக்கி, பழையபடி மூடி வைத்துவிட்டுப் போனேன். தீபாவளி வந்தது, போனது. பலகாரத் தட்டோடு போனபோது கணினியின் மேல் பழைய கைலி ஒன்று போர்த்தியிருந்தது. ஐந்தாவது வாரம் என் சொந்தக் காசில் 650 வாட் பவர் சப்ளை ஒன்று வாங்கி, "சரி பண்ணிட்டேன்" என்று பொருத்திவிட்டு வந்தேன். அக்கா சந்தோஷப்பட்டு, "மாமாவுக்கு நன்றி சொல்லு" என்று அவனிடம் சொன்னார். அவன் சொன்னான். நானும் வாங்கிக்கொண்டேன்.

நான் செய்த எல்லாவற்றிலும் அந்த நன்றியை வாங்கியதுதான் என்னை அதிகம் அறுத்தது. பழைய பவர் சப்ளை என் காரின் பின்னால் கிடந்து ஒவ்வொரு வளைவிலும் உருண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவின் மேசைமேல் வைத்தேன். 85 வெள்ளி ரசீதையும் பக்கத்தில் வைத்தேன். மூன்று விசிறிக் கார்டு, விளக்கு, கடைக்காரர் தடுத்தது, தாளைப் படித்தது, மூடி வைத்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா ரசீதை வெகுநேரம் பார்த்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏன்டா, நான் அவனை ஏசினப்ப நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த?" என்றார்.

பையனைக் கூப்பிட்டு அவனிடமும் சொன்னேன். 12 வோல்ட் வரியைக் காட்டி, பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். கைப்பேசியில் பெருக்கினான். "அப்ப நான் பிளக்கைப் பிடுங்காம விட்டதால கெட்டுப் போகலியா, மாமா?" என்று கேட்டான். "இல்லய்யா. நான்தான் கெடுத்தேன். உன்மேல பொய்யா பழி போட்டேன்" என்றேன். சரி என்று தலையாட்டினான்.

சமையலறையில் அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார். வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தூரத்தில், ரந்தாவ் பக்கமாக இருக்கும், மெல்ல ஓர் இடி உருண்டது. பையன் பேச்சை விட்டுவிட்டு எழுந்து அறைக்குள் ஓடினான். பிளக்கைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.