தாடையும் எலும்புதான்

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பர். எங்கள் பருத்தித்துறையில் பல்லுப் போனால் தட்டைவடையும் போச்சு. கடிக்கும் ஓசை அடுத்த வீட்டுக்குக் கேட்கவேண்டிய அந்த வடையைத் தேநீரில் ஊறவைத்து உண்ணும் முதியவர்கள் இங்கு பலர். வயது போனால் பல் ஆடும் என்பதே அவர்களது சமாதானம்.

அது முழு உண்மையன்று. பல்லைத் தாங்குவது தாடை எலும்பு. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையும்போது முள்ளந்தண்டும் இடுப்பும் மணிக்கட்டும் அடர்த்தி இழப்பதுபோலத் தாடையும் இழக்கக்கூடும். ஒஸ்டியோபொரோசிஸ் எனும் எலும்பு நலிவு நோய் இதுவே. பல்லை ஆட்டும் முதற்குற்றவாளி முரசு நோய்தான். ஆயினும் நலிந்த தாடை அதற்கு எளிதில் இடங்கொடுக்கிறது. பல் விழுந்த இடத்தில் எலும்பு மேலும் கரைவதால், கட்டிய பொய்ப்பல்லும் நாளடைவில் தளர்கிறது.

தும்பளையில் வாழும் என் தமக்கையாருக்கு வயது 72. கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபின், கிழமைக்கு ஒன்றாக அலென்ட்ரோனேட் குளிசை எடுத்துவந்தார். கடைவாய்ப்பல் ஒன்று ஆடத் தொடங்கியதை அறிந்த மகள், ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் பதறினாள்: "அம்மா, அந்தக் குளிசை தாடையை அழுகச் செய்யுமாம். விட்டுடுங்கோ." குளிசை அன்றே குப்பைக்குப் போயிற்று.

மகளின் அச்சம் ஆதாரமற்றதன்று. 2003இல் மயாமி பல்கலைக்கழகத்தின் ரொபேர்ட் மார்க்ஸ், இவ்வகை மருந்து பெற்ற 36 பேருக்குத் தாடை எலும்பு ஆறாமல் வெளித்தெரிந்ததை அறிவித்தார். அவர்களுட் பெரும்பாலானோர் புற்றுநோய்க்காகக் கூடிய அளவில் ஊசிமூலம் மருந்து பெற்றவர்கள். எலும்பு நலிவுக்காக உட்கொள்வோரில் இது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. இடுப்பு முறிந்த முதியோரிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கின்றனர். எந்த அச்சம் பெரிது?

"ஒரு வைத்தியர் தாறதை மற்ற வைத்தியருக்குச் சொல்லவேணும் அக்கா" என்றேன். கிளினிக் கொப்பியுடன் பல் வைத்தியரிடம் சென்றோம். முரசைச் சுத்தஞ்செய்தார், பல்லைப் பிடுங்க நேரவில்லை. எலும்பு வைத்தியரின் சொற்படி குளிசையும் மீண்டும் தொடங்கியது.

புலம்பெயர்ந்து வாழும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். எலும்பு மருந்து தொடங்குமுன் பெற்றோரைப் பல் வைத்தியரிடம் அனுப்புங்கள். தொடங்கியபின் பல் பிடுங்க நேர்ந்தால் மருந்தின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். வைத்தியரைக் கேளாமல் எதனையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை இடைநிறுத்தினால் முள்ளந்தண்டு முறியும் ஆபத்துண்டு.

சாப்பிட்டீர்களா என்று கேட்கும் நீங்கள், எதைச் சாப்பிட்டீர்கள் என்றும் கேளுங்கள். நாள்தோறும் கஞ்சியே விடையானால், குறை பசியில் இல்லை, பல்லில் இருக்கிறது.