லியோனில் இரண்டாம் முறை

லியோன் நகருக்கு நாம் முதலில் போனது 2011-ல். ‘நாம்’ என்றால் அப்போது இருவர். இரண்டாம் முறை, 2023 அக்டோபரில் போனபோது, ஒருவர். இலக்கணம் இதற்கெல்லாம் கவலைப்படுவதில்லை என்பதால் அதே சொல்லையே வைத்துக்கொள்வோம்.

முதற்பயணத்தின் நண்பர் காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். புதுச்சேரியில் இருந்த காலத்தில் பிரெஞ்சு கற்றவர். 2019-ல் மறைந்தார். அவரில்லாமல் அந்த ஊருக்கு மறுபடி போவதா என்று நான்கு ஆண்டுகள் தள்ளிப்போட்டோம். “தனியாகவா?” என்று வீட்டில் கேட்ட குரலில் வியப்பைவிட இரக்கமே கூடுதலாக இருந்தது. நம் ஊரில் தனியாகப் போய் அறை கேட்டால் விடுதிக்காரர் முகத்தை ஏற இறங்கப் பார்ப்பாரே, அந்தப் பார்வையின் உறவினர்தான் இந்தக் குரலும்.

லியோன், பாரிசைப் போல வருபவரைக் கைபிடித்து இழுக்கும் ஊரன்று. ரோன், சோன் என்னும் இரண்டு ஆறுகள் ஊருக்குள் ஓடித் தெற்கே ஒன்றாகின்றன. சோனுக்கு மேற்கே ஃபூர்வியேர் குன்று, அதன் உச்சியில் பேராலயம். ஆறுகளுக்கு நடுவே வடக்கில் குருவா ரூஸ் மேடு, பட்டு நெசவாளர் வாழ்ந்த இடம். முன்னது தொழும் குன்று, பின்னது உழைக்கும் குன்று என்று சொல்வது அங்கே வழக்கம். நண்பருக்கு எந்தக் குன்றில் வேலை என்பதை விளக்க வேண்டியதில்லை. நான்கு நாட்களில் மூன்றை அந்த மேட்டிலேயே கழித்தார், கூடவே நாமும்.

ஜக்கார்டு என்பது ஓர் ஆளின் பெயர் என்று நமக்குத் தெரிந்ததே அப்போதுதான். 1752-ல் அதே லியோனில் பிறந்தவர். துளையிட்ட அட்டைகளின் துணையால் பாவு நூல்களைத் தூக்கும் அவருடைய பொறி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. தறிக்கு மேலே அதை நிறுத்த உயரம் வேண்டும் என்பதால், குருவா ரூஸ் வீடுகளின் உட்கூரையை ஏறத்தாழ 4 மீட்டர் உயர்த்திக் கட்டினார்கள். நண்பர் அந்த உத்தரங்களை அண்ணாந்து பார்த்தபடி சொன்னார்: “இவன் கூரையை உயர்த்தினான். எங்கப்பா குழி தோண்டி அதில் காலை விட்டு உட்கார்ந்தார். அட்டை ஒன்றுதான்.” கனூ என்றழைக்கப்பட்ட அந்நகர நெசவாளர்கள் 1831 நவம்பரில் கூலிக்குக் குறைந்தபட்ச விகிதம் கேட்டுக் கிளர்ந்து, சில நாட்கள் நகரையே தம் வசம் வைத்திருந்தார்கள். 1834 ஏப்ரலில் மீண்டும் எழுந்தபோது படை அதை இரத்தத்தில் முடித்தது. இதையெல்லாம் நண்பர் நடந்துகொண்டே சொன்னார். அவர் பேச, நாம் கேட்க, தெருக்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

இரண்டாம் பயணத்தின் முதல் நாள் மதியம், ஓர் எளிய உணவகத்தில் நுழைந்து ஒரு விரலைக் காட்டினோம். பணியாளர் இருவர் மேசையில் உட்கார வைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்துக் கத்தி, முள்கரண்டி, கண்ணாடிக் குவளை மூன்றையும் ஒலியெழாமல் எடுத்துக்கொண்டு போனார். தொழில்முறையான செயல்தான். ஆனாலும் ஆற்றுமீனை அரைத்து, மாவும் முட்டையும் சேர்த்துச் செய்த கெனெல் வந்து ஆறும்வரை கரண்டியைத் தொடத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து வேறுவிதமாகிவிட்டது. சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஊர் நன்றாக இருந்தது. அவரோடு பார்த்ததைவிட நன்றாக. முன்பு கடைக்குள் நுழையும்போது ‘போன்ழூர்’ என்பதை அவர் சொல்லிவிடுவார். நாம் பின்னால் நின்று புன்னகைப்போம். பிரான்சில் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் எதைக் கேட்டாலும் முகம் இறுகிவிடும். இப்போது அதை நாமே சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் நாள், குருவா ரூஸ் சந்தையில் ஆப்பிள் விற்ற அம்மையார் நம் உச்சரிப்பைத் திருத்தி, சரியாக வந்ததும் ஒரு பழத்தைக் கூடுதலாகப் போட்டார்.

பேராலயத்துக்குப் போகவில்லை. முன்பே பார்த்தாயிற்று என்பது மறுமுறை போகிறவருக்குக் கிடைக்கும் பெரிய விடுதலை. அதற்குப் பதிலாகத் திராபூல்களில் அலைந்தோம். ஒரு தெருவில் கதவைத் தள்ளி நுழைந்தால், வீடுகளின் முற்றங்களையும் படிகளையும் கடந்து மறுதெருவில் வெளிவிடும் வழிகள் அவை. மக்கள் குடியிருக்கும் இடமாதலால் குரலை அடக்கிக்கொள்ள வேண்டும். தனியாளுக்கு அந்தச் சிரமமும் இல்லை. வொராஸ் முற்றத்தில் ஆறு மாடி உயரத்துக்கு ஏறும் கற்படிக்கட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேலே எங்கோ வெங்காயம் வதங்கும் வாசனை. நண்பர் உடனிருந்தால் இந்தப் படிக்கட்டின் வரலாறு கிடைத்திருக்கும்; வெங்காயம் கிடைத்திருக்காது. இப்படி எண்ணியதற்காக அன்று மாலை முழுதும் மனம் உறுத்தியது.

கடைசி நாளன்று, தள்ளிப்போட்டு வந்த கனூக்களின் சுவருக்குப் போனோம். சன்னலற்ற ஒரு கட்டடத்தின் சுமார் 1,200 சதுர மீட்டர் பக்கச்சுவரில் குருவா ரூஸ் தெரு ஒன்றையே தீட்டியிருக்கிறார்கள்: நடுவே ஏறும் படிக்கட்டு, இருபுறமும் வீடுகள், அங்குமிங்கும் ஆட்கள். 1987-ல் வரைந்தார்கள். 1997-ல் புதுப்பித்தபோது படத்திலிருந்தவர்களுக்கும் பத்து வயது கூட்டினார்கள். 2011-ல் நாம் பார்த்தது அந்தச் சுவரை. “அடுத்த முறை வரும்போது இவர்களுக்கும் நரைத்திருக்கும், பார்த்துக்கொள்ளும்” என்றார் நண்பர். 2013-ல் மறுபடி வரைந்துவிட்டார்கள். அவர் சொன்னபடியே எல்லோரும் முதிர்ந்திருந்தார்கள். ஆனால் நாம் போனபோது அதற்கும் பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. கீழே நின்று அண்ணாந்து பார்த்த நம்மைவிடச் சுவரிலிருந்தவர்கள் பின்தங்கியிருந்தார்கள். நிஜப் படி என்று நம்பி ஒரு சிறுமி ஓடிப்போய்க் காலைத் தூக்கி, சுவரில் முட்டிக்கொண்டு சிரித்தாள்.

அருகிலிருந்த ரொட்டிக்கடையில் இளஞ்சிவப்புப் பிரலீன் தார்த்து ஒரு துண்டு வாங்கினோம். போன்ழூர் சொல்லி, கோத்து வைத்திருந்த பிரெஞ்சில், சுவரை மறுபடி எப்போது வரைவார்கள் என்று கடைப்பெண்ணிடம் கேட்டோம். கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது. உற்சாகமாக, கையைச் சுவர்ப்பக்கம் நீட்டி நீட்டி, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் பதில் சொன்னார். அதில் ஒரு சொல்கூட நமக்குப் பிடிபடவில்லை. பழக்கத்தில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தோம். பிறகு புரிந்ததுபோல் தலையசைத்து, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மெட்ரோவை நோக்கி நடந்தோம்.