அடுத்த தலைமுறை எப்போது வரும்?

கமுந்திங்கிலிருந்து பாயான் லெப்பாஸுக்குக் காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் ஆலையை 1972இல் தொடங்கியது அங்கேதான்.

“இவ்ளோ பக்கத்துல ஆலை இருக்கு, நம்ம கடைக்கு மட்டும் ஏண்ணே லேட்டு?” பல்கலைக்கழகம் போகவிருந்த தங்கச்சி கேட்டாள்.

ஆலை பக்கத்தில் இருப்பதால் மடிக்கணினி சீக்கிரம் வந்துவிடாது. ‘லூனார் லேக்’ சில்லின் அமைப்பை 2024 ஜூனில் விளக்கினார்கள். செப்டம்பர் 3 அறிமுகம், 24 விற்பனை. ஒவ்வொரு நிறுவனமும் அதற்கேற்ற மதர்போர்டையும் குளிரூட்டும் அமைப்பையும் வடிவமைத்துச் சோதிக்க வேண்டும். முதலில் வந்தவை விலை கூடிய மாடல்கள்.

பிடிபிடிஎன் கடனில் படிக்கப் போகிறவளுக்கு அது எட்டாது. புதுசு வந்ததும் போன வருஷத்து மாடல் விலை இறங்கும். “நமக்கு வெளியீட்டு நாள் அதுதான்மா” என்றேன்.