கேஸ் கியூவும் பொருளியல் பாடமும்

உயர்தர வகுப்பில் கேள்வி, நிரம்பல் படிப்பிக்கும்போது பிள்ளைகள் எங்களிடம் வழமையாகக் கேட்பது: "அரசாங்கம் விலையைக் குறைச்சு வச்சா எல்லாருக்கும் நல்லதுதானே சேர்?" உச்ச விலைக் கோட்டைக் கீறி, இவ்வளவும் மிகைக் கேள்வி என்று காட்டினால் நம்பமாட்டார்கள். கேஸ் கியூவை ஞாபகப்படுத்தினால் நம்புவார்கள்.

12.5 கிலோ லிற்றோ சிலிண்டர் 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபா. வெளிநாட்டில் விலை ஏறிவிட்டது, விற்கிறவருக்கு நட்டம். விலை மலிவு, ஆனால் கடையில் சாமான் இல்லை. கட்டுப்பாட்டை எடுத்ததும் 2,675. அடுத்த ஏப்ரலில் 4,860.

ஊர்ப்பக்கம் விறகடுப்புக்குத் திரும்பினார்கள். பம்பலப்பிட்டி தொடர்மாடியில் எங்கே விறகு மூட்டுவது? மண்ணெண்ணெய்க்கும் கியூ. பதிலீடு இல்லாத பொருளின் கேள்வி நெகிழ்ச்சியற்றது என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிதான் ரோட்டோரத்தில் சங்கிலியால் கட்டி வைத்த வெற்று சிலிண்டர்களாக நீண்டு கிடந்தது.

கியூவும் ஒரு விலைதான். காசுக்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்கிறோம். மாதச் சம்பளக்காரர் லீவு போட்டு நிற்கலாம். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய கூலியே போய்விடும். எங்கள் மாணவர்கள் சிலர் வகுப்புக்கு வராமல் சிலிண்டரோடு நின்றார்கள். அமையச் செலவுக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். முகப்பழக்கம் உள்ளவருக்குப் பின்கதவால் கிடைத்தது, அது தனிக்கதை.

அப்படியானால் விலையைச் சந்தையிடம் விட்டால் சரியா? 4,860 ஆன பிறகும் கியூ குறையவில்லை, கூடியது. கப்பலுக்குக் கட்ட டொலர் இல்லை. விலை எவ்வளவு ஏறினாலும் நிரம்பல் அசையாத இடத்தில், யார் இல்லாமல் இருப்பது என்பதை மட்டும்தான் விலை தீர்மானிக்கும். மதீனாவில் விலை ஏறியபோது நபி (ஸல்) அவர்கள் விலை நிர்ணயிக்க மறுத்த ஹதீஸைப் பிள்ளைகள் எடுத்துக் காட்டுவார்கள். தட்டுப்பாட்டால் ஏறும் விலை வேறு, வியாபாரி பிடித்து வைத்து ஏற்றும் விலை வேறு என்று இமாம் இப்னு தைமிய்யா பிரித்துச் சொன்னதையும் சேர்த்தே நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம்.

பெற்றோலும் இதே கதை. 2022 ஜூனில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபா, ஆனாலும் செட்டில் எண்ணெய் இல்லை. ஜூலையில் கியூஆர் வந்தது. கியூ குறைந்தது, உண்மை. பங்கீட்டைப் பாருங்கள்: கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், திரீவீலுக்கு 5, காருக்கு 20. காலி வீதியில் ஓடி உழைக்கிற திரீவீலுக்கு ஐந்து, கராஜில் நிற்கிற காருக்கு இருபது! பிறகு அளவுகளைக் கூட்டினார்கள். 2023 செப்டம்பரில் கியூஆரையே எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த முதல் கணக்கை இன்னமும் எங்களால் ஏற்க முடியவில்லை.

உங்கள் பக்கத்தில் கேஸ் கியூவுக்கு டோக்கன் கொடுத்தது யார்? எந்த ஒழுங்கில் கொடுத்தார்கள்? கொமண்டில் எழுதுங்கள், பிள்ளைகளுக்கு உதவும்.