துண்டுச் சீட்டும் இரண்டு கோடி பவுனும்



அடிமை உழைப்பில் சம்பாதித்த கம்பெனிகள் இன்று நட்ட ஈடு தர வேண்டுமா என்று உலகம் பேசுகிறது. புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது தூரத்துச் சேதி அல்ல. ‘கண்டிச் சீமைக்கு’ ஆள் அனுப்பிய ஊர்கள் நம் ஊர்கள்.

1833-ல் பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுன் ஒதுக்கியது. அடிமைகளுக்கு அல்ல, எஜமானர்களுக்கு. அதற்கு வாங்கிய கடன் 2015-ல்தான் முழுதாக அடைந்தது. பணம் பெற்றவர்களில் ஒருவர் கிரீன் கிங் மதுபானக் கம்பெனியின் நிறுவனர். அந்தக் கம்பெனியும், அடிமைக் கப்பல்களுக்குக் காப்பீடு நடந்த லாயிட்ஸும் 2020-ல் மன்னிப்புக் கேட்டன.

இலங்கைத் தோட்டத்துக்குப் போன நம் சனம் சட்டப்படி அடிமைகள் அல்லர். ஆனால் கங்காணி கொடுத்த முன்பணம் ஊரிலேயே கடனாகிவிடும். அந்தத் தொகையை எழுதிய சீட்டுக்குப் பெயர் ‘துண்டு’. அதை யாராவது அடைத்தால்தான் வேறு தோட்டம் போகலாம். 1921-ல்தான் அது ஒழிந்தது. 1948-ல் குடியுரிமை போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. 1975-ல் இலங்கை அரசு கம்பெனித் தோட்டங்களை எடுத்துக்கொண்டபோது பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு நட்ட ஈடு கிடைத்தது. மறுபடியும் எஜமானருக்கே!

1980களில் என் வகுப்பில் அப்படித் திரும்பி வந்த வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். ஒரு பையனின் அப்பாயி கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: “வாத்தியாரய்யா, அங்க கள்ளத்தோணின்னாங்க, இங்க சிலோன்காரின்னாங்க. அப்ப நான் எந்த ஊருக்காரி?”

“செய்தவர்கள் செத்துவிட்டார்கள், கம்பெனி கை மாறிவிட்டது” என்பார்கள். கடன் ஆளோடு தோட்டம் தோட்டமாகப் போகும் என்று துண்டு எழுதியவர்கள் அந்தத் துரைமார்தானே? அப்படியானால் லாபம் போன வழியே பொறுப்பும் போகட்டும்.

கென்யாவில் கெரிச்சோ தேயிலை நிலத்திலிருந்து விரட்டப்பட்ட மக்கள், 2022-ல் பிரிட்டன் மீது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கே போனார்கள். நம்மவர்களும் கேட்கலாம். முதலில் மன்னிப்பு, பிறகு பழைய பேரேடுகளைத் திறந்து காட்டுவது, மலையகத்தில் லயன் அறைக்குப் பதில் சொந்த மண்ணில் வீடு, பேரப்பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு. இது பிச்சை அல்ல, பாக்கி.

பாக்கி கேட்கச் சான்று வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பாஸ்போர்ட், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் தோட்டத்தின் பெயரையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.