ஒப்புக்குச் சப்பாணி

சற்றே நீண்ட பதிவு. பருவத் தேர்வுகளுக்கு வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களாவது கடைசிவரை படித்தால் மகிழ்வேன்.

சென்ற மாதம் ஓர் இரவு, மணி இரண்டு இருக்கும், விடுதி அறையில் அமர்ந்து ‘செலஸ்ட்’ என்னும் வீடியோ விளையாட்டில் ‘அசிஸ்ட் மோட்’ என்ற தேர்வை இயக்கினேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. அறையில் நான் மட்டுமே இருந்தேன். ஆயினும் அந்தப் பொத்தானை அழுத்துமுன் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தேன். ஏன் திரும்பிப் பார்த்தேன் என்று யோசித்ததன் விளைவே இப்பதிவு.

விளையாடாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். ‘செலஸ்ட்’ 2018-இல் வெளியானது. மேடலின் என்ற பெண் ஒரு மலையின் உச்சிக்கு ஏறுகிறாள், கதை அவ்வளவுதான். அவளால் தாவ முடியும், சுவரைப் பற்றி ஏற முடியும், காற்றில் ஒருமுறை பாய முடியும். முட்களின் மீது விழுந்தால் இறந்துபோவாள். அடுத்த கணமே அதே திரையின் தொடக்கத்தில் மீண்டும் நிற்பாள். எத்தனை முறை இறந்தோம் என்பதை ஆட்டம் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆயிரம் இறப்புகளைத் தாண்டியே பெரும்பாலோர் உச்சியை அடைவர் என்பது விளையாடியவர்களுக்குத் தெரியும்.

இதில் ‘எளிது, நடுத்தரம், கடினம்’ என்ற வழக்கமான மூன்று நிலைகள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக இந்த ‘அசிஸ்ட் மோட்’ இருக்கிறது. ஆட்டத்தின் வேகத்தை நூறு விழுக்காட்டிலிருந்து ஐம்பது வரை பத்துப் பத்தாகக் குறைக்கலாம். களைப்பில்லாமல் சுவரைப் பற்றியிருக்கலாம். சாகாவரம்கூடப் பெறலாம். எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம். தொடக்கத்தில் இத்தேர்வைத் திறந்தால், முதன்முறை ஆடுவோர் இதைத் தவிர்ப்பது நல்லது என்று ஓர் அறிவுரை தோன்றும். பின்னர் அதை உருவாக்கியவர்களே அந்த அறிவுரையை நீக்கி, ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப விதிகளை மாற்றிக்கொள்வதற்கான வழி இது என்ற பொருளில் திருத்தி எழுதினார்கள். சாவியைக் கொடுத்தவர்களுக்கே அதை முகம் சுளிக்காமல் கொடுக்கச் சிறிது காலம் பிடித்திருக்கிறது.

அந்தச் சுளிப்பின் வரலாறு நீளமானது. 1992-இல் வந்த ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ விளையாட்டில் மிக எளிய நிலையைத் தேர்ந்தெடுத்தால் அதன் பெயர், ‘நான் விளையாடலாமா, அப்பா?’ என்ற பொருளில் இருக்கும். பக்கத்தில் நாயகன் பச்சைக்குழந்தையின் குல்லாய் அணிந்து வாயில் சூப்பானோடு காட்சியளிப்பான். இதற்கு முன்பு, 1977-இல் வந்த அட்டாரி கருவியில், கடினநிலைக்கான விசைகள் இரண்டு இருந்தன. இடப்பக்க ஆட்டக்காரருக்கு ஒன்று, வலப்பக்க ஆட்டக்காரருக்கு ஒன்று. அக்காவும் தம்பியும் அருகருகே அமர்ந்து, அவரவர் வலிமைக்கேற்ற விசையோடு ஒரே ஆட்டத்தை ஆட முடிந்தது. சமமற்ற இருவர் சேர்ந்து ஆடுவதற்கான ஏற்பாடாக இருந்த ஒன்று, பதினைந்து ஆண்டுகளில் கேலிக்குரிய குல்லாயாக மாறிவிட்டது.

கேலியை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய தேவை நமக்கு இல்லை. எங்கள் தெருவில் கள்ளன் போலீஸ் ஆடும்போது சின்னப் பிள்ளைகள் அழுதால் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். அவர்களைப் பிடித்தாலும் கணக்கில்லை, அவர்கள் பிடித்தாலும் கணக்கில்லை. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘ஒப்புக்குச் சப்பாணி’. சப்பாணி என்றால் நடக்க இயலாதவர் என்பதை நான் அறிந்தது வெகுநாள் கழித்துத்தான். அறிந்த பிறகும் அச்சொல் எனக்கு உறுத்தவில்லை. அப்பட்டியலில் என் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவள். ஹைதராபாத்துக்கு முதுகலை படிக்க வந்தபோது, வகுப்பில் பேசப்பட்ட ஆங்கிலத்தில் பாதி புரியவில்லை. ஒரு கட்டுரையை நான்குமுறை படித்து, ஓரங்களில் தமிழில் பொருள் எழுதி, ஐந்தாம் முறை படிக்கும்போதுதான் வாதம் பிடிபடும். யாரும் எனக்காக வேகத்தைக் குறைக்கவில்லை. அந்தக் கடினநிலையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் தாண்டிவந்த பிறகு, நானே தேர்ந்தெடுத்ததைப் போலப் பேசத் தொடங்கினேன். இளையவர்கள் என்னிடம் வந்து கடினமாக இருக்கிறது என்று சொன்னால், “நாங்களும் இப்படித்தான் வந்தோம்” என்பேன். ஆறுதலாகச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டிலும் அப்படியே. இயல்பு நிலைக்குக் கீழே எதையும் ஆடியதில்லை என்பதைப் பெருமையாகக் கருதினேன்.

சென்ற பருவத்தில் முதுகலை முதலாண்டு மாணவர்களுக்கான ஒரு தாளுக்கு நான் கற்பித்தல் உதவியாளராக இருந்தேன். உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு முந்தைய நாள் ஒரு மாணவர் வந்தார். நல்கொண்டா பக்கத்துக்காரர். தெலுங்கிலும் அக்கா அக்காதான். அப்படித்தான் என்னை அழைப்பார். எழுதும்போது அவருடைய வலக்கை நடுங்கும்; ஒரு பக்கத்துக்கு மேல் விரல்கள் இறுகிக்கொள்ளும். ஒன்றரை மணி நேரத் தேர்வுக்கு அரை மணி நேரம் கூடுதலாகத் தர முடியுமா என்று கேட்டார். மணிக்கு இருபது நிமிடம் என்ற விதியைக் கணக்கிட்டுத்தான் கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிறகே உறைத்தது.

“நாற்பது விழுக்காட்டுச் சான்றிதழ் இருக்கிறதா?” என்றேன்.

“இல்லை அக்கா. அவ்வளவு வராது என்று சொல்லிவிட்டார்கள்.”

சான்றிதழ் இல்லாமல் என்னால் ஒன்றும் செய்ய இயலாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நாங்களும் இதே ஒன்றரை மணி நேரத்தில்தான் எழுதினோம், முயன்று பாருங்கள்” என்றும் சேர்த்துச் சொன்னேன். “சரி அக்கா” என்று போய்விட்டார்.

விடைத்தாளைத் திருத்தியதும் நானே. மூன்று வினாக்களில் முதலிரண்டும் மிக நன்றாக எழுதப்பட்டிருந்தன. மூன்றாவதில் ஆறு வரிகள் இருந்தன. ஏழாவது வரி பாதியில் நின்றது. முப்பதுக்குப் பதினெட்டு போட்டேன்.

என் வேலை அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பது. காலனிய ஆவணமொன்றில் ஒரு தேதி பிழையாக இருந்தால் மூன்று நாள் தேடுவேன். ஆனால் அந்த நாற்பது விழுக்காட்டு விதியைப் பற்றி நான் தேடிப் பார்க்கவில்லை. தேடியிருந்தால், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கண்ணில் பட்டிருக்கும். எழுதும்போது கை இறுகும் ஒருவர் தொடுத்த வழக்கு அது. குடிமைப்பணித் தேர்வில் சொல்வதை எழுத ஒருவரை வைத்துக்கொள்ளும் வசதியை நாற்பது விழுக்காடு என்ற அளவை எட்டாததால் மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. அதன் தொடர்ச்சியாக 2022-இல் மத்திய அரசு வழிகாட்டுதல்களையும் வெளியிட்டது. எழுதுவதில் இடர்ப்பாடு உண்டு என்று அரசு மருத்துவ நிறுவனத்தின் உரிய மருத்துவ அதிகாரி சான்றளித்தால் போதும் என்ற வழி திறந்திருந்தது. அந்த மாணவரை அவ்வழியில் அனுப்பியிருக்க வேண்டியவள் நான். விதியை அறியாமலே விதியின் பெயரால் மறுத்திருக்கிறேன்.

இதெல்லாம் எனக்குத் தானாக உறைத்துவிடவில்லை. இரண்டு மாதம் கழித்து என் வலக்கைப் பெருவிரலின் அடியில் வலி தொடங்கியது. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை இரவு பகலாகத் தட்டச்சு செய்ததன் பலன். தசைநாணின் உறை வீங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லி, ஆறு வாரத்துக்கு மணிக்கட்டில் பட்டை கட்டிவிட்டார். என் நெறியாளர் பட்டையைப் பார்த்தவுடன், “குரல்வழியில் எழுதம்மா. இயலை அடுத்த மாதம் கொடுத்தால் போதும்” என்றார். நான் கேட்கவே இல்லை. சான்றிதழ் ஏதும் அவர் கேட்கவில்லை. அறைக்குத் திரும்பும் வழியில்தான் ஏழாவது வரி நினைவுக்கு வந்தது.

பட்டையை அவிழ்த்த பின்னும் விரலுக்குப் பழைய வேகம் வரவில்லை. பாதியில் விட்டிருந்த மலையை மீண்டும் ஏற முயன்றேன். ஒரே திரையில் இருநூறு முறைக்கு மேல் விழுந்தேன். எந்த நொடியில் தாவ வேண்டும், எந்தத் திசையில் பாய வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. விரல் மட்டும் ஒரு கணம் பிந்தியது. அந்த இரவில்தான் வேகத்தை எண்பது விழுக்காடாகக் குறைத்தேன்.

மலை தாழ்ந்துவிடவில்லை. அதே முட்கள், அதே இடைவெளிகள். நான் தொடர்ந்து விழுந்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏன் விழுந்தேன் என்பது தெரிந்தது. முன்பு விழுந்தவற்றில் பல, என் விரலின் வலியால் விழுந்தவை. இப்போது விழுந்தவை என் கணிப்பின் பிழையால். இந்த இரண்டு கடினங்களும் வேறு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. முதலாவது, ஆட்டத்துக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டாவதற்காகத்தான் நான் இந்த ஆட்டத்தையே ஆடுகிறேன்.

ஆர்வத்தால் ஒரு திரைக்கு மட்டும் சாகாவரத்தையும் இயக்கிப் பார்த்தேன். மேடலின் முட்களின் மேல் நடந்து போனாள். எனக்குச் செய்வதற்கு ஏதுமில்லை. உடனே அணைத்துவிட்டேன். எனவே கடினமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேறொருவருக்கு அந்தச் சாகாவரமே தேவையாக இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

கடினநிலைத் தேர்வே கூடாது என்போரின் வாதத்தையும் நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். 2019-இல் ‘செகிரோ’ வெளியானபோது இந்த விவாதம் உலகெங்கும் நடந்தது. அதில் நிலைகளே கிடையாது. எல்லோருக்கும் ஒரே வாள், ஒரே எதிரி. அனைவரும் ஒரே தடையைச் சந்தித்தால்தான் தாண்டியதைப் பற்றி ஒருவரோடொருவர் பேச முடியும் என்பது அதை ஆதரித்தோரின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. தேர்வு மண்டபத்திலும் நாம் இதையே சொல்கிறோம்: ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஆகவே நீதி. ஆனால் நடுங்கும் கையோடு அமர்ந்தவரும் நானும் ஒரே தடையைச் சந்தித்தோமா? எனக்கு முன்னால் இருந்தவை மூன்று வினாக்கள். அவருக்கு முன்னால் மூன்று வினாக்களும் ஒரு கையும் இருந்தன. எங்கள் தாள் நிலவருவாய் முறைகளைப் பற்றியது. கையெழுத்தின் வேகத்தைப் பற்றியதன்று.

விளையாட்டு என்பது தேவையற்ற தடைகளைத் தாமாக முன்வந்து கடக்க முயல்வது என்ற கருத்தை பெர்னார்ட் சூட்ஸ் என்ற மெய்யியலாளர் 1978-இல் எழுதிய நூலில் வளர்த்தெடுத்தார். நொண்டி ஆடிய எவருக்கும் இது புரியும். இரண்டு கால் உள்ளவர் ஒரு காலை மடக்கிக்கொண்டு துரத்துவது ஆட்டம். வேண்டியபோது காலை ஊன்றிக்கொள்ளலாம் என்பதால்தான் அது ஆட்டம். ஊன்ற முடியாதவரைப் பார்த்து, நாங்களும் ஒற்றைக் காலில்தான் ஓடினோம் என்று சொல்வதற்கு என்ன பெயர்? நான் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

சென்ற வாரம் அந்த மாணவரை நூலக வாசலில் பார்த்தேன். தேநீர் வாங்கிக் கொடுத்து, நடந்தது என் தவறு என்றேன். 2022 வழிகாட்டுதல்களின் அச்சுப்படியைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “மூன்றாவது கேள்விதான் அக்கா எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் கடைசியில் நிதானமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன்” என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. எனக்கு மறுமொழி ஏதும் வரவில்லை.

மதிப்பெண்கள் ஒப்படைக்கப்பட்டுவிட்டன, பதினெட்டு பதினெட்டாகவே இருக்கும். நடந்ததை எழுதித் தாளின் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். இந்தப் பருவத்தின் உள்தேர்வில் ஒரு மணி நேரத்துக்கான வினாக்களைக் கொடுத்து, எல்லோருக்கும் ஒன்றரை மணி நேரம் தருவதென்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். யாரும் தனியே வந்து கேட்கவும் வேண்டாம், கதவைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். அதற்கு மேலும் நேரம் தேவைப்படுவோருக்கு அது தனி.

மலையுச்சியை இன்னும் அடையவில்லை. நேற்றுவரை 1,946 இறப்புகள். வேகம் எண்பதிலேயே இருக்கிறது.

உங்கள் துறைகளில் உள்தேர்வுகளுக்கு நேரத்தை எப்படி வகுக்கிறீர்கள்? சான்றிதழ் இல்லாத மாணவர் வந்து கேட்டால் என்ன செய்கிறீர்கள்? அனுபவமுள்ள ஆசிரியர்களும், அப்படிக் கேட்க நேர்ந்த மாணவர்களும் எழுதினால் பலருக்கும் பயன்படும்.